சுடுதண்ணி மந்திரி

நம் ஊர்ப் பனியில், காலை ஏழு மணிக்குக் குழாயைத் திறந்து விரலை நீட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் வெந்நீர் எவ்வளவு நல்ல பொருள் என்று தெரியும். அதை நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை. முப்பத்தொரு வருடம் அதன் சூட்டை அளப்பதே என் உத்தியோகம். ஆனாலும் வீட்டில் நானும் வெந்நீரில்தான் குளிக்கிறேன், கெனுவே.

உட்கார். கோட்டைக் கழற்ற வேண்டாம், அடுப்பு சூடேற இன்னும் கொஞ்ச நேரமாகும். ஜோஹன்னஸ்பர்க் வண்டி இரண்டு மணிக்குத்தானே. அதற்குள் சொல்லி முடித்துவிடலாம்.

உன் அம்மாவை மண்ணில் வைத்து நாலு நாள்தான் ஆகிறது. நீ அவளுடைய நோட்டுப் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாய். பதினோரு நோட்டு. ஆறு வருடமாக அவள் ஒரே ஒரு திங்கட்கிழமையைப் பற்றித்தான் எழுதியிருக்கிறாள். 'மதியம் ஒன்றரைக்குத் திருகைக் குறைத்தேன்' என்று ஒரு பக்கம். 'குறைத்தேனா?' என்று அடுத்த பக்கம். 'குறைக்கவில்லை போலிருக்கிறது. ந்தாத்தே மொக்கேதி தன் கண்ணால் பார்த்தாரே' என்று அதற்கடுத்த பக்கம். ந்தாத்தே என்று மரியாதையாக எழுதியிருப்பது என்னைத்தான்.

உன் கேள்வி ஒன்றே ஒன்றுதான். அவள் காப்பகத்துக் கீசரின் சூட்டை ஏற்றியது அம்மாவா, இல்லையா.

நியாயமான கேள்வி. அந்தத் திங்கட்கிழமை விடியலோடு ஊரில் மின்வெட்டு முடிந்துவிட்டது, மறுநாளுக்கு அறிவிக்கவே இல்லை என்பதை நீ பழைய செய்தித்தாளில் தேடிப் பிடித்திருக்கிறாய். மின்வெட்டு இல்லாதபோது அம்மா எதற்குச் சூட்டை ஏற்ற வேண்டும் என்று கேட்கிறாய். இதை நீதிமன்றத்தில் யாரும் கேட்கவில்லை. நீ கெட்டிக்காரி. அதனால்தான் உனக்குப் பதில் சொல்லலாம் என்று நினைக்கிறேன். ஆனால் வரிசையாகச் சொல்ல விடு. நடுவில் பிடித்து இழுத்தால் எல்லாமே வேறு மாதிரி தெரியும்.

நகராட்சியில் என் வேலை, குழந்தைகள் காப்பகங்களைச் சுற்றிப் பார்ப்பது. இருபத்துமூன்று காப்பகம். சமையலறை, படுக்கை, வேலி எல்லாம் பார்ப்பேன். என் மனம் மட்டும் எப்போதும் கழிவறையில்தான் இருக்கும். பெரியவர்கள் எட்டிப் பார்க்காத இடம் அதுதான். குழந்தை அங்கே தனியாகப் போகும். குழாய் அதன் உயரத்துக்குத் தாழ்வாக இருக்கும். நம் தோல் தாங்கும் சூட்டை மூன்று வயதுத் தோல் தாங்காது. பெரியவர்கள் 'ஸ்' என்று கையை இழுத்துக்கொள்ளும் நேரத்தில் அதற்கு எல்லாம் முடிந்திருக்கும். என் பையில் வெப்பமானி இல்லாமல் நான் வெளியே கிளம்பியதே இல்லை. நாற்பதுக்கு மேல் ஒரு டிகிரி இருந்தாலும் எழுதிவிடுவேன்.

உன் அம்மாவுக்கு அது பெரிய வேடிக்கை. நான் கேட்டைத் திறந்ததுமே குரல் கொடுப்பாள்.

"பிள்ளைங்களா, எந்திரிச்சு நில்லுங்க, சுடுதண்ணி மந்திரி வந்துட்டார்."

பிள்ளைகளும் எழுந்து நின்று சல்யூட் அடிப்பார்கள். பிறகு என்னைச் சமையலறையில் உட்கார வைத்து டீ கொடுப்பாள். நான் கோப்பையைத் தொடுவதற்கு முன்பே கேலி தொடங்கிவிடும்.

"அதுலயும் கம்பியை விட்டுப் பாருங்க ந்தாத்தே. அப்புறம் மாக்கெனுவே என்னை வேக வெச்சுட்டான்னு அறிக்கை எழுதிடாதீங்க."

நல்ல பெண். மாக்கெனுவே, கெனுவேயின் அம்மா என்று உன் பெயரைச் சொல்லித்தான் ஊர் அவளைக் கூப்பிட்டது. அந்தப் பெயருக்கு அவள் ஒரு குறையும் வைக்கவில்லை.

மின்வெட்டு நாட்களில் நம் ஊரில் எல்லோரும் செய்ததையே அவளும் செய்தாள். விடியற்காலை மின்சாரம் போய்விடும் என்று அறிவித்தால், முந்தின நாளே கீசரின் திருகை எழுபத்தைந்துக்குத் திருப்பிவிடுவாள். அப்போதுதான் காலையில் பிள்ளைகள் வரும்வரை தண்ணீரில் சூடு நிற்கும். மதியம் மறுபடி குறைத்துவிடுவாள். கீசர் மூடியின் திருகாணிகளைக் கழற்றி வைத்துவிட்டு, வெண்ணெய்க் கத்தியாலேயே திருகைத் திருப்புவாள். நான் அதைப் பார்த்தும் பார்க்காதது போல இருந்தேன். எழுதினால் இருபத்துமூன்று காப்பகத்தையும் எழுத வேண்டும். என் வீட்டையும் சேர்த்துத்தான்.

ஆனால் அவளிடம் ஒரு முறை இருந்தது. சூட்டை ஏற்றிய நாளில் பிள்ளைகளின் குழாய்களுக்குப் போகும் வெந்நீரை அடியிலேயே மூடிவிடுவாள். தானே ஒரு பெரிய பேசினில் முதலில் பச்சைத்தண்ணீர் ஊற்றி, அப்புறம் வெந்நீர் கலந்து, முழங்கையை விட்டுப் பார்த்து, ஒவ்வொரு பிள்ளையாகக் கை கழுவி விடுவாள். ஈரம் பண்ணிக்கொண்ட பிள்ளைகளைக் குளிப்பாட்ட மூலையில் ஒரு தாழ்வான தொட்டி உண்டு, உனக்கு நினைவிருக்கும். அந்தத் தொட்டியின் வெந்நீர்க் குழாய்க்குப் பிடி இருக்காது. பிடியைக் கழற்றிக் கயிற்றில் கோத்துத் தன் கழுத்தில் போட்டிருப்பாள். ஏற்றிய நாள், ஏற்றாத நாள் என்ற வித்தியாசமில்லை. பதினோரு வருடம் அந்தப் பிடி அவள் கழுத்தில்தான் கிடந்தது. அங்கே ஒரு பிள்ளைக்கும் ஒன்றும் ஆனதில்லை.

நான் அதை ஏற்கவில்லை. குழாய் என்றால் பிடியோடு இருக்க வேண்டும். விதியில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. ஒருத்தியின் கழுத்தை நம்பி ஒரு கழிவறையை நடத்த முடியாது. அந்தத் திங்கட்கிழமை வந்த வருடம், குளிர் தொடங்கிய ஜூன் மாதம் அவளுக்கு எழுத்தில் கொடுத்தேன், பிடியைத் திரும்ப மாட்டு என்று.

"மாட்டிட்டா பிள்ளைங்க திறந்துடும் ந்தாத்தே."

"அதுக்குத்தான் கலப்பு வால்வு வேணுங்கறேன். நகராட்சியே போட்டுக் கொடுக்கணும்."

"அவங்க போடற வரைக்கும்?"

"அதுவரைக்கும் விதிப்படி இருக்கட்டும்."

"மந்திரி சொன்னா சரி" என்றாள்.

கலப்பு வால்வு என்பது சின்னப் பித்தளைச் சாமான். குழாய்க்கு வரும் முன்பே வெந்நீரையும் பச்சைத்தண்ணீரையும் அளவாகச் சேர்த்துவிடும். குழந்தை எவ்வளவு திறந்தாலும் இளஞ்சூடுதான் வரும். இருபத்துமூன்று காப்பகத்துக்கும் அதைப் போடச் சொல்லி ஏழு வருடம் எழுதினேன். அந்தக் குளிர்காலம் மருத்துவமனைப் பதிவேட்டைப் புரட்டினேன். நம் மாவட்டத்தில் மட்டும் நாற்பத்தொரு குழந்தைகள் வெந்திருந்தன. அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு நிதிக் குழுத் தலைவரிடம் போனேன். அவர் நிதானமாகப் படித்தார்.

"இதெல்லாம் வீட்டுல நடந்தது, ந்தாத்தே மொக்கேதி. கெட்டில் கவுந்தது, வாளி கவுந்தது. காப்பகத்துல எந்தப் பிள்ளை வெந்துச்சு? ஒரு பேர் சொல்லுங்க."

"இன்னும் இல்லைங்க."

"அப்ப பேர் கிடைச்சதும் வாங்க" என்றார். கெட்ட மனிதர் இல்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

வீடு வரும்வரை அதையே யோசித்தேன். அவர் சொன்னது தவறில்லை. நாற்பத்தொன்று என்பது யாருக்கும் கேட்காது. ஒரு பெயர் கேட்கும்.

நான் நினைத்தது சின்னக் காயம். இதை நீ நன்றாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். ஒரு குட்டிக் கை, ஒரு சிவப்புத் தடம், ஒரு அழுகை. ஒரு வாரம் கட்டு. அவ்வளவுதான். அதைக் கொண்டு ஐந்நூறு பிள்ளைகளைக் காப்பாற்றிவிடலாம். எந்தக் காப்பகம் என்றும் யோசித்தேன். கவனக்குறைவான இடத்தில் நடந்தால் 'அவ அப்படித்தான்' என்று சொல்லிவிட்டு மறந்துவிடுவார்கள். ஊரிலேயே நல்ல காப்பகத்தில் நடந்தால்தான் எங்கும் நடக்கும் என்பது புரியும். அதோடு உன் அம்மாவுக்குக் கை வேகம் அதிகம். பிள்ளை கத்தியதும் ஓடி வந்து பச்சைத்தண்ணீரில் பிடித்துவிடுவாள். அவளை எல்லோரும் மன்னித்தும் விடுவார்கள். அவள் மேல் எனக்கிருந்த மரியாதையால்தான் அவளைத் தேர்ந்தெடுத்தேன்.

அந்தத் திங்கட்கிழமை மூன்று மணிக்குப் போனேன். பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். உன் அம்மா எனக்காகக் எண்ணெய்ப் பணியாரம் சுடச் சமையலறைக்குப் போனாள். எண்ணெய் காய்வதற்குள் எனக்கு இரண்டு நிமிடம் போதுமாக இருந்தது. கழிவறைக் கதவுக்குப் பின்னால்தான் கீசர். மூடியில் திருகாணி கிடையாது. திருகு ஐம்பதில் இருந்தது. அவள் மதியமே குறைத்திருந்தாள். ஒன்றரைக்கு என்று எழுதியிருக்கிறாளே, சரிதான். மின்சாரத்தை அணைத்துவிட்டு என் ஸ்க்ரூ டிரைவரால் எழுபத்தைந்துக்குத் திருப்பினேன். மறுபடி மின்சாரத்தைப் போட்டு மூடியை வைத்தேன்.

திரும்பும்போது தொட்டியைப் பார்த்தேன். குழாயில் பிடி மாட்டியிருந்தது. சொன்ன சொல்லைக் கேட்டிருக்கிறாளே என்று சந்தோஷமாக இருந்தது.

பணியாரம் அன்று நன்றாக வந்திருந்தது. நாலு தின்றேன்.

"இன்னைக்கு ஏன் குறையே சொல்லலை? உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள்.

"எல்லாம் ஒழுங்கா இருக்கு, மாக்கெனுவே."

"இதை எழுதிக் கொடுத்துட்டுப் போங்க. சட்டம் போட்டு மாட்டிக்கிறேன்."

மறுநாள் காலை பத்து மணிக்கு மறுபடி போனேன். பையில் தீக்காய மருந்து இருந்தது, சுத்தமான துணிக்கட்டும் இருந்தது. நான் கொடுமைக்காரனாக இருந்தால் அவற்றை எடுத்துக்கொண்டு போயிருப்பேனா?

கேட்டில் யாரும் சல்யூட் அடிக்கவில்லை.

செலுவானேயின் மகள் ரெதபிலே. மூன்றரை வயது. அன்று காலை கஞ்சி குடித்துக்கொண்டிருக்கும்போது உடையை ஈரம் பண்ணிக்கொண்டாள். பெரிய பெண்கள் ஈரம் பண்ணமாட்டார்கள் என்று வீட்டில் யாரோ சொல்லியிருக்கிறார்கள் போல. வெட்கப்பட்டுக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் தானே போய் உடையைக் கழற்றி ஒழுங்காக மடித்து வைத்திருக்கிறாள். தொட்டியில் இறங்கி உட்கார்ந்து குழாயைத் திறந்திருக்கிறாள். திறக்க முடிந்தது. மூட முடியவில்லை. அந்தப் பிடி கொஞ்சம் இறுக்கமானது.

உன் அம்மா ஓடித்தான் வந்திருக்கிறாள். நான் நுழைந்தபோது உடுப்போடு தொட்டியில் உட்கார்ந்து, குழந்தையை மடியில் வைத்துப் பச்சைத்தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தாள். அவளுடைய முன்கையும் வெந்திருந்தது. அது அவளுக்குத் தெரியவில்லை. ரெதபிலே அப்போது அழவில்லை. குளிருது என்று மட்டும் சொன்னாள். எனக்குப் பழக்கமுண்டு, அது நல்ல அடையாளமில்லை என்று புரிந்தது. இடுப்புக்குக் கீழே வெந்திருந்ததற்கு நான் கொண்டுபோன மருந்து போதாது.

"நான் குறைச்சேன் ந்தாத்தே. நேத்து மதியமே குறைச்சேன்."

நான் கீசர் மூடியை எடுத்தேன். அது என் கடமை. அவளும் பார்த்தாள்.

"எழுபத்தஞ்சுல இருக்கே, மாக்கெனுவே."

அவள் திருகைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு தன் வலது கையைப் பார்த்தாள். அந்தக் கணத்தில்தான் அவளுக்குத் தன்மேல் சந்தேகம் வந்தது. அதை நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று நீ நினைப்பாய். ஆனால் ஆம்புலன்ஸ் வந்துவிட்டது, கெனுவே. எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ப்ளூம்ஃபொன்டெய்ன் பெரிய ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் வைத்திருந்தார்கள். பத்தாவது நாள் கொண்டுவந்தார்கள்.

அடக்கத்தன்று உன் அம்மா எல்லோருக்கும் பின்னால், போர்வைக்குள் நின்றாள். செலுவானே அவளைத் தேடிக்கொண்டு நேராக நடந்து வந்தாள். அடிக்கப்போகிறாள் என்று எல்லோரும் நினைத்தோம்.

"எல்லாரும்தான் சூட்டைக் கூட்டறாங்க, மாக்கெனுவே. நானும் என் வீட்டுல கூட்டறேன். உங்களைத் திட்ட எனக்கு வாய் வரலை."

"திட்டும்மா. திட்டிடு."

"வரலை" என்று சொல்லிவிட்டு செலுவானே போய்விட்டாள்.

திட்டியிருந்தால் உன் அம்மா கொஞ்ச நாளில் தேறியிருப்பாள் என்பது என் எண்ணம்.

நிதிக் குழுத் தலைவரிடம் போய் நான் பெயரைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஊருக்கே தெரிந்திருந்தது. மூன்றே மாதத்தில் இருபத்துமூன்று கழிவறையிலும் வால்வு போட்டார்கள். மக்கள் அதை ரெதபிலே வால்வு என்றுதான் சொல்கிறார்கள். ஆறு குளிர்காலம் போய்விட்டது. எந்தக் காப்பகத்திலும் ஒரு பிள்ளைக்கும் ஒரு கொப்புளம் இல்லை. எனக்கு மேடையில் ஒரு பாராட்டிதழ் கொடுத்தார்கள். அதைச் சுவரில் மாட்டவில்லை. அலமாரியில் இருக்கிறது.

உன் அம்மாவின் வழக்கில் நான் சொன்னது அத்தனையும் உண்மை. திருகு எங்கே இருந்தது என்று கேட்டார்கள். சொன்னேன். மின்வெட்டு நாட்களில் அவள் சூட்டைக் கூட்டுவாளா என்று கேட்டார்கள். கூட்டுவாள் என்றேன். நீதிபதி இரக்கமுள்ளவர், சிறைக்கு அனுப்பவில்லை. காப்பகத்தை மட்டும் மூடினார்கள். அன்றிலிருந்து உன் அம்மா வெந்நீரைத் தொடவில்லை. உனக்குத் தெரிந்திருக்காது, நீ வெயில்காலத்தில், டிசம்பரில்தானே வருவாய். ஜூலை மாதம், குழாயே உறைந்து கிடக்கும்போது, வாளியில் பனிக்கட்டியை உடைத்துக் குளிப்பாள். பக்கத்து வீட்டுக்காரி திட்டிப் பார்த்தாள். நானும் சொல்லிப் பார்த்தேன்.

"குழந்தை குளிருதுன்னுதானே சொல்லுச்சு, ந்தாத்தே" என்றாள். "எனக்கும் குளிரட்டும்."

இந்த வருடம் நுரையீரல் தாங்கவில்லை.

வருடத்துக்கு ஒருமுறை, அந்தச் செவ்வாய்க்கிழமை வரும் வாரத்தில், என் வீட்டுக்கு நடந்து வருவாள். நீ இப்போது உட்கார்ந்திருக்கும் இடத்தில்தான் உட்காருவாள்.

"கத்தியை எடுத்தது ஞாபகமிருக்கு. குறைச்சது ஞாபகமிருக்கு. மறுபடி கூட்டினது மட்டும் எங்கே போச்சு ந்தாத்தே? தலைக்குள்ள தேடித் தேடிப் பார்க்கறேன், கிடைக்கலை."

"வயசாகுது. மறக்கும்."

"அதை மட்டுமா மறக்கும்?"

"சில சமயம் அதை மட்டும்தான் மறக்கும்."

தலையை ஆட்டிக்கொள்வாள். வீட்டுக்குப் போய் அதையும் நோட்டில் எழுதியிருக்கிறாள். இப்போது நீ காட்டினாய்.

ஆறு வருடத்தில் யாரும் என்னிடம் இந்தக் கேள்வியைச் சரியாகக் கேட்கவில்லை. உன் அம்மாகூட 'நான் செய்தேனா' என்றுதான் கேட்டாள். 'நீங்கள் செய்தீர்களா' என்று அவள் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

நீ போலீஸுக்குப் போகலாம். நான் எங்கேயும் ஓடப்போவதில்லை. ஆனால் போவதற்கு முன் ஒன்றை யோசி. காப்பகத்தைச் சோதிக்கிற இன்ஸ்பெக்டரே திருகிவிட்டான் என்று தெரிந்தால் ஊர் என்ன சொல்லும்? கீசரில் ஆபத்தே இல்லை, ஆபத்து அந்தக் கிழவன்தான் என்று சொல்லும். வால்வு பழுதானால் மாற்ற மாட்டார்கள். ஒவ்வொன்றாகப் பிடுங்கி எறிவார்கள். அப்புறம் அந்தக் குழந்தை எதற்காகச் செத்தது என்று செலுவானேக்கு நீதான் பதில் சொல்ல வேண்டிவரும். உன் அம்மாவிடம் சொல்லாமல் இருந்ததற்கும் அதுதான் காரணம். அவளுக்குத் தெரிந்தால் அன்றைக்கே செலுவானே வீட்டுக்கு ஓடியிருப்பாள். அவளால் எதையும் உள்ளே வைத்துக்கொள்ள முடியாது.

எழுந்துவிட்டாயா. இன்னும் ஒன்றுதான் பாக்கி. நீ வருவதற்கு முந்தின நாள் ஆஸ்பத்திரியில் நடந்தது. அப்போது அவளருகில் இருந்தது நான் மட்டும்தான். அது உனக்குத் தெரிய வேண்டும்.

மூச்சு மிகவும் சிரமமாக இருந்தது. என்னைப் பக்கத்தில் வரச் சொன்னாள்.

"இப்பவாவது சொல்லுங்க. நான்தானா?"

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். வெந்த தழும்பு இன்னும் வழவழவென்றுதான் இருந்தது. யோசித்துத்தான் பதில் சொன்னேன். இவ்வளவு காலம் சுமந்துவிட்டாள், கடைசி நேரத்தில் குழப்பக் கூடாது என்று தோன்றியது.

"நீங்கதான், மாக்கெனுவே. ஆனா வேணும்னு செய்யலை. கடவுள் மன்னிச்சுட்டார். ஊர் மன்னிச்சிருச்சு. நானும் உங்களை மன்னிச்சுட்டேன்."

அவள் முகம் அப்படியே தளர்ந்து தெளிந்தது. ஆறு வருடத்தில் நான் பார்க்காத முகம் அது. என் கையை இழுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டு எனக்கு நன்றி சொன்னாள், கெனுவே. அந்த நிம்மதியை அவளுக்குக் கொடுக்க வேறு யாரால் முடிந்திருக்கும்?